ஆலடிப்பொத்தையில் வேர்விட்ட கால்

அருவியையும் அணையையும் அல்வாவையும் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். இந்த வலைப்பூவை வாசிக்கும் ஒருவர் வேறொன்று கேட்டிருந்தார். "அம்பாசமுத்திரம் பக்கம் காட்டை ஒட்டிய ஊர் ஒன்றுக்குப் போய்வர வேண்டும். விடுதிக்காரர்கள் காட்டுகிற காடு வேண்டாம். காட்டோரம் வாழ்கிறவர்களைப் பார்க்க வேண்டும்." நியாயமான கேள்வி. பார்க்காததை எழுதுவது என் வழக்கமில்லை. ஆகவே சென்ற தை மாதம், பொங்கல் கழிந்த மறு வாரம், நானே போய் வந்தேன். எழுபத்திரண்டு வயதில் தனியாகவா என்று மகன் போனில் கேட்டான். அவன் அப்பா இருந்த காலத்திலும் வழி கேட்டது நான், சில்லறை சரிபார்த்தது நான், சன்னலோரம் உட்கார்ந்ததும் நான்தான் என்று அவனுக்கு ஞாபகப்படுத்தினேன்.

ஊரைச் சொன்னவள் ஜெசிந்தா. பாளையங்கோட்டையில் என் பக்கத்து வீட்டுப் பெண், இப்போது வனத்துறையில் வனவர். அவள் பொறுப்பில் உள்ள காட்டோர ஊர்களில் கிராம வனக்குழு என்று ஒன்று இருக்கிறது. ஊர்க் குடும்பங்களும் வனத்துறையும் சேர்ந்து காட்டின் ஓரத்தைக் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு. தீ வராமல் பார்ப்பது, பச்சை மரம் வெட்ட விடாமல் பார்ப்பது ஊரின் வேலை. பதிலுக்குப் புல், சுள்ளி போன்றவற்றில் ஊருக்கு உரிமை உண்டு. "மற்ற ஊர்ல எல்லாம் காட்டை மூட வைக்கதுதான் பெரிய பாடு ஆண்ட்டி. ஆலடிப்பொத்தைல மூடின காட்டைத் திறக்க வைக்க முடியல. வியாழக்கிழமை கூட்டம் இருக்கு, வாங்க" என்றாள். இதைக் கேட்ட பிறகு போகாமல் இருக்க முடியுமா?

இனி வழி. திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் காலை ஆறே முக்காலுக்கு ஏறினேன். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாக அம்பாசமுத்திரம் ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள், மலை அந்தப் பக்கம். வயலில் பிசானப் பருவ நெல் கதிர் வாங்கி நின்றது. அறுப்புக்கு இன்னும் சில வாரம் இருந்தது. இதை அழகுக்காகச் சொல்லவில்லை. அறுப்பு முடிந்தால்தான் புது வைக்கோல், அதுவரை மாடு வைத்திருப்பவர்களுக்குத் திண்டாட்டம். இந்தக் கதைக்கு அது முக்கியம்.

அம்பாசமுத்திரத்தில் இட்லி சாப்பிட்டேன். சாம்பார் சுமார், சட்னி நன்று. ஆலடிப்பொத்தை அங்கிருந்து பதினொரு கிலோமீட்டர். நகரப் பேருந்து உண்டு, ஆனால் அடிக்கடி கிடையாது. நான் ஆட்டோ பேசினேன். ஓட்டுநர் பெயர் மாரியப்பன், அதே ஊர்க்காரர், மேலத்தெரு. ஏறி உட்கார்ந்ததும், "கூட்டத்துக்கா போறிய? காட்டு ஆபீஸ்ல பெரிய ஆளோ?" என்றார். நான் வெறும் பார்வையாளர் என்றேன். "பாக்கதுக்கு ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு தெருவும் உக்காந்து டீ குடிக்கும். எந்திரிச்சிப் போயிரும். ஒரு வருசமா இதுதான் நடக்கு" என்றார்.

ஊருக்குள் நுழையும் முன்பே காட்டு எல்லையைக் காட்டுகிறேன் என்று வண்டியை வலப்பக்கம் திருப்பினார். மலைச்சரிவு அங்கே தொடங்குகிறது. வனத்துறையின் பச்சைப் பலகை ஒன்று நின்றது: "காப்புக்காடு. அனுமதியின்றி நுழையக் கூடாது." 'நுழையக்' என்பதில் ஒற்று சரியாக இருந்தது. பாராட்ட வேண்டிய விஷயம். பலகைக்கு அப்பால் இடுப்பளவு புல், பழுப்பும் பச்சையுமாகச் சரிவு முழுக்க நின்றது. பலகைக்கும் புல்லுக்கும் நடுவே, பாதையின் ஓரத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு பூவரச மரம். இலை பளபளவென்று இருந்தது.

"இந்த மரத்தை யார் நட்டது?" என்று கேட்டேன்.

மாரியப்பன் ஆட்டோவை அணைத்துவிட்டார். "மரம்னு சொல்லாதிய அம்மா. அது கால்."

நான் இறங்கிப் போய் இலையைப் பார்த்தேன். பூவரசேதான். எங்கள் கான்வென்ட்டில் ஒரு பொருளுக்குச் சரியான பெயரைச் சொல்லும்வரை சிஸ்டர் எங்களை உட்கார விடமாட்டார்கள். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. "இது மரம்தான்" என்றேன்.

"கால்ம்மா" என்றார் அவர், இம்முறை கொஞ்சம் பயந்த குரலில்.

கால் என்றால் என்ன என்பது எங்கள் மாவட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இங்கே கிராமத்துச் சாமிகளுக்குக் கொடை என்று திருவிழா நடக்கும். அதற்குச் சில நாள் முன்பு கோயில் முன்னால் ஒரு கம்பை நட்டு, மஞ்சள் துணியும் மாவிலையும் கட்டுவார்கள். அதுதான் கால்நாட்டு. கால் நட்டுவிட்டால் ஊர் கட்டுப்பட்டுவிடும். பச்சை மரம் வெட்டமாட்டார்கள், வெளியூரில் தங்கமாட்டார்கள். கொடை கழிந்ததும் காலை எடுத்துவிடுவார்கள். நான் வேதக்காரி, கிறிஸ்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்; பிறந்தது கடற்கரை. ஆனாலும் இந்த மாவட்டத்தில் இவ்வளவு காலம் வாழ்ந்துவிட்டு இது தெரியாமல் இருக்காது. தெரியாதது, காட்டுக்கு ஏன் கால் நாட்டினார்கள் என்பதுதான்.

அதைச் சொன்னவள் இசக்கியம்மாள். கூட்டம் பால் சொசைட்டி கட்டடத்தில். அது தெருக்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, ஆகவே எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஜெசிந்தா இன்னும் வரவில்லை. வாசலில் ஒரு பெண் வெறும் பால் கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய் நாற்காலி எடுத்து வந்து போட்டாள். அவள்தான் இசக்கி; காட்டுக்கு எதற்குக் கால் என்று அவளிடம் கேட்டேன்.

"நாங்க கேட்டதுதாம்மா. முந்தி பங்குனியில சரிவு முழுக்க எரிஞ்சி போச்சு. அந்த வருசம் பொட்டுப் புல்லு இல்ல. சரி, ரெண்டு வருசம் மூடுவோம்னு கமிட்டியில முடிவு பண்ணுனாவ. யாரு கேக்கா? மேலத்தெருக்காரன் போனா கீழத்தெருக்காரன் போவான். அப்பம் ஒரு கெழவன் அந்தப் போர்டை வாசிச்சிட்டுச் சொன்னான், 'காப்புக்காடுன்னு எழுதி வச்சிருக்கான். காப்பு கட்டாம எப்படிலே அது காப்புக்காடு? கால நாட்டுங்கலே, எவன் போறான்னு பாப்போம்'னு. நட்டுட்டாவ. அதுக்குப் பெறவு ஒரு ஆடு உள்ள போகலையே!"

அரசாங்கத்தின் சொல்லை ஊர் தன் சொல்லாக எடுத்துக்கொண்ட இந்த இடத்தை நான் மிகவும் ரசித்தேன். சிக்கல் அடுத்த வாக்கியத்தில் வந்தது.

மேலத்தெருவுக்குச் சாமி சுடலைமாடன். கீழத்தெருவுக்கு முப்பிடாதி அம்மன். எந்தச் சாமி பெயரைச் சொல்லிக் கால் நாட்டுவது என்று சண்டை வரும் என்று பயந்து, பெயரே சொல்லாமல் நாட்டிவிட்டார்கள். பொதுக் கால். இரண்டு வருடக் கெடு முடிந்துவிட்டது, இப்போது அதை யார் எடுப்பது? எந்தச் சாமியின் கோமரத்தாடி, அதாவது சாமி வந்து ஆடுகிறவர், எடுக்கிறாரோ அந்தத் தெருவுக்குக் காடு என்று ஆகிவிடும். ஆகவே யாரும் எடுக்கவில்லை, எடுக்கவும் விடவில்லை. போதாக்குறைக்குக் கால் தளிர்த்துவிட்டது. வழக்கமாகக் கொடை சித்திரை, வைகாசியில் வரும். கம்பு வெயிலில் காயும், எடுத்துவிடுவார்கள். இவர்கள் நட்டது ஐப்பசி மழையில், குளத்தங்கரையில் அப்போதுதான் வெட்டிய பூவரசங் கொப்பை. துளிர்க்காமல் என்ன செய்யும்? மேலத்தெரு அது மாடன் சக்தி என்றது. கீழத்தெரு அம்மன் சக்தி என்றது.

"உனக்கு மாடு இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"ரெண்டு. சூலா நிக்கிற செவலைய இன்னைக்குக் கொடுக்கணும். வைக்கோல் வாங்கிக் கட்டுபடி ஆகல. சாயங்காலம் தரகர் வண்டி கொண்டாருதாரு." எட்டிச் சரிவைப் பார்த்தாள். "புல்லு கண்ணு முன்னால காயுது. இன்னும் ஒரு மாசம் போனா தீக்குத்தான் ஆகும். மாட்டுக்கு ஆகாது."

எங்கள் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. பலகை கிடையாது, காவல் கிடையாது. ஆனால் திங்கட்கிழமை விடிந்தால் கடல் திறந்துவிடும். அதைச் சொல்லி, "உங்கள் காலுக்குத் திங்கட்கிழமை இல்லையா?" என்று கேட்டேன்.  இசக்கி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அத வைக்க மறந்துட்டானுவ, சவத்துப் பயலுவ!"

கூட்டம் பத்து மணிக்கு என்று சொல்லிப் பதினொன்றரைக்குத் தொடங்கியது. ஜெசிந்தா நின்றுகொண்டு தீர்மானத்தை வாசித்தாள். சரிவைப் புல்லுக்குத் திறக்கலாம். கையரிவாள் மட்டும். தலைச்சுமை மட்டும். மாடு, ஆடு ஏற்றக் கூடாது. பச்சை மரம் எதையும் தொடக் கூடாது. எல்லாரும் தலையாட்டினார்கள். கையெழுத்தும் ஆயிற்று. எல்லாம் முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. டீ வந்தது.

குழுத் தலைவர் பரமசிவம், மேலத்தெரு. வெள்ளை வேட்டி, கையில் சாவிக்கொத்து. "சரி, திறந்தாச்சு. கால?" என்றார்.

எதிரே சுவரில் சாய்ந்திருந்தவர் கீழத்தெருவின் கோமரத்தாடி, முப்பிடாதி. அம்மன் பெயர்தான் அவருக்கும். "நீரு கைய வையும் பாப்போம்" என்றார்.

"நான் எதுக்குவே வைக்கேன்? நீரு வச்சா விட்டுருவமோ?"

"அப்பம் டீயக் குடியும்."

பின்னாலிருந்து யாரோ, "சீனி பத்தல" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. மாரியப்பன் என் பக்கம் திரும்பி, நான் சொல்லவில்லையா என்பது போலப் புருவத்தைத் தூக்கினார். ஜெசிந்தாவிடம் மெல்ல, நீயே எடுத்துவிடேன் என்றேன். "எங்க ரூல்ல கால்னு ஒண்ணு கிடையாது ஆண்ட்டி. நான் எடுத்தா நாளைக்கு இந்த ஊர் என்கிட்ட பேசாது. தீப்பிடிச்சா யாரு ஓடி வருவா?" என்றாள். சரியான பதில். அந்தப் பெண் வேலையைப் புரிந்து செய்கிறாள்.

அப்போது முப்பிடாதி என்னைக் கவனித்தார். "இந்த அம்மா ரெண்டு தெருவும் இல்ல. வேதக்காரி வேற. இவுக எடுக்கட்டுமே. எந்தச் சாமிக்கும் குத்தம் இல்ல."

அறை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பரமசிவமும், "அது நல்ல யோசனையாத்தான் இருக்கு" என்றார். அவர்கள் இருவரும் ஒத்துப்போனது ஒரு வருடத்தில் அதுவே முதல் முறை என்று பிறகு சொன்னார்கள்.

நான் எழுந்து நின்றேன். கூட்டத்தில் உட்கார்ந்தபடி பேசுவது எனக்குப் பிடிக்காது. "நான் எடுக்க மாட்டேன். நான் சாயங்காலப் பேருந்துக்குப் போகிறவள். நாளைக்கு ஒரு மாடு செத்தாலும் பாளையங்கோட்டைக்காரி பிடுங்கினதால் செத்தது என்பீர்கள். நட்டவர்கள்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று, அதை யாராலும் பிடுங்க முடியாது. நான் காலையில் பார்த்தேன். அது மரம். வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறதோ."

"மரம்னு சொல்லாதிய" என்று இரண்டு மூன்று குரல்கள் ஒன்றாக எழுந்தன.

பெண்கள் பக்கத்திலிருந்து இசக்கியின் குரல் வந்தது. "ஏன் சொல்லப்பிடாது?"

அவள் பிறந்தது மேலத்தெரு, வாழ்க்கைப்பட்டது கீழத்தெரு. பரமசிவம் அவளுக்குச் சித்தப்பா முறை, முப்பிடாதி கொழுந்தன் முறை. ஆகவே அவளை உட்காரச் சொல்ல இரண்டு பக்கமும் உரிமை இருந்தது. இருவரும் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை.

"சித்தப்பா, நீங்க சொல்லுங்க. நட்ட கம்பு காஞ்சி நின்னா அது கால். வேர் விட்டு, கொப்பு விட்டு, காக்கா வந்து உக்காந்தா அது என்னது?"

பரமசிவம் டீயைக் கையில் எடுத்தார்.

"தளிர்க்க வச்சது மாடன்னு நீங்க சொல்லுதிய. அம்மன்னு இவுக சொல்லுதாவ. யாராவும் இருக்கட்டும். கால நம்மள எடுக்கச் சொல்லி சாமி காத்துக் கெடக்கல. அதுவே எடுத்துட்டு. எடுத்துட்டு அந்த எடத்துல ஒரு மரத்த வச்சிருக்கு. இல்லாத கால யாரு எடுக்கன்னு ஒரு வருசமா சண்ட போட்டுக்கிட்டு இருக்கிய."

யாரோ ஒரு பெண், "ஆமாட்டி!" என்றாள்.

முப்பிடாதி விடவில்லை. "அப்பம் எந்தச் சாமி எடுத்துச்சு? அதச் சொல்லு."

"அத வாற கொடையில நீங்களே ஆடிக் கேட்டுச் சொல்லுங்க. என் மாடு இன்னைக்குத் திங்கணும்."

இந்த முறை சிரிப்பு இரண்டு பக்கமிருந்தும் வந்தது. முப்பிடாதியும் சிரித்தார். பரமசிவம் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்து, "மரம்னு வச்சிக்கிட்டா என்னம்மா ரூலு?" என்றார்.

"பச்சை மரம் எதையும் தொடக் கூடாது, தலைவரே. இப்பதான் கையெழுத்துப் போட்டீங்க."

"பெறவென்ன. யாரும் தொடாதிய. சுத்திப் போங்க" என்றார் பரமசிவம், ஏதோ தீர்ப்பைத் தானே சொன்ன மாதிரி. சொல்லிவிட்டுப் போகட்டும். தீர்ப்பு நல்ல தீர்ப்புதான்.

இசக்கி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "இன்னும் ஒண்ணு. இனிமே காட்ட மூடுனா, மூடுத அன்னைக்கே திங்கக்கெழமையும் சொல்லிரணும்." யாருக்கும் புரியவில்லை. என் கடற்கரைக் கதையை அவள் என்னைவிட நன்றாகச் சொன்னாள். கொஞ்ச நேரப் பேச்சுக்குப் பிறகு, ஒவ்வொரு வருடமும் தைப்பொங்கல் கழிந்த முதல் வெள்ளியன்று புல்லுக்குத் திறப்பது, மாசி முடிந்ததும் மூடுவது என்று முடிவாயிற்று. வெயில் ஏறும் முன்பு புல் வெளியே வந்துவிட்டால் தீக்கும் வேலையில்லை. ஜெசிந்தா அதையும் எழுதிக்கொண்டாள்.

ஒரு மணிக்குள் அரிவாள்கள் வெளியே வந்துவிட்டன. நானும் பின்னால் மெதுவாக நடந்து போனேன். பூவரசு வந்ததும் முன்னால் போனவர்கள் தயங்கி நின்றார்கள். பரமசிவம் ஒரு பக்கமும் முப்பிடாதி மறு பக்கமும் நின்று, ஒருவர் போகட்டும் என்று ஒருவர் பார்த்தார்கள். இசக்கி தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டு மரத்தின் வலப்பக்கமாகப் போனாள். அவள் பின்னால் வந்தவள் இடப்பக்கமாகப் போனாள். அதன் பிறகு யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. பார்வையாளர்கள் உள்ளே போகக் கூடாது. நான் பலகையருகே நின்றுகொண்டேன். அறுபட்ட புல்லின் வாசனை அதுவரை வந்தது.

நான்கு மணிக்கு மேல் தரகரின் சிறு வண்டி வந்தது. இசக்கி அப்போது தலையில் கட்டோடு சரிவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். தரகர், "என்னம்மா, மாடு எங்க?" என்றார்.

"மாடு இல்ல அண்ணாச்சி. கொடுக்கல."

"வெறும் வண்டியாட்டா திரும்பணும்? டீசல் யாரு தருவா?"

"வந்ததுதான் வந்திய, இந்தக் கட்ட ஏத்தி எங்க வீட்டுல இறக்கிட்டுப் போங்க. மோர் தாரேன்."

தரகர் திட்டிக்கொண்டேதான் கட்டை ஏற்றினார். ஆனால் ஏற்றினார். அவர் பின்னால் இன்னும் நான்கு பெண்கள் தங்கள் கட்டுகளைப் போட்டுவிட்டார்கள்.

திரும்பும் வழியில் மாரியப்பன் வண்டியை மரத்தருகே மெதுவாக்கினார். "மரம் நல்லா வந்திருக்கு, என்னம்மா?" என்றார். நான் திருத்த எதுவும் இருக்கவில்லை.

காட்டைக் காப்பதில் மக்களைச் சேர்க்க வேண்டும் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். சேர்க்கலாம். ஆனால் ஊர் வரும்போது அதன் சாமி வரும், தெரு வரும், சண்டை வரும். அவற்றை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல முடியாது. பச்சைப் பலகையால் முடியாததைப் பூவரசங் கொப்பு செய்தது. அந்தக் கொப்பு மாட்டிக்கொண்டபோது அதை விடுவித்தது ஊர்க்காரி ஒருத்தியின் பேச்சு. வனத்துறையின் பெரிய காரியம், அன்று அது குறுக்கே வராமல் இருந்ததுதான்.

போக நினைப்பவர்களுக்கு: காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும், அதைக் குறுக்கு வழியில் முயல வேண்டாம். ஊருக்குப் போக அனுமதி தேவையில்லை, மரியாதை தேவை. தண்ணீர் கொண்டு போங்கள், பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டு வாருங்கள். ஆட்டோவுக்குப் போக வர முன்கூட்டியே பேசிவிடுங்கள். பலகைக்கு முன்னால் இருக்கும் பூவரசைப் படம் எடுக்கலாம், இலையைக் கிள்ளக் கூடாது. அதைக் கால் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

புல் திறப்பைப் பார்க்க வேண்டுமென்றால் தையில் போக வேண்டும். சென்ற வாரம் இசக்கி போன் செய்தாள். செவலை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. "வார வருசம் கட்டாயம் வரணும்மா. எங்க ஊர்ல திங்கக்கெழம வெள்ளிக்கெழமதான் வரும், மறந்துராதிய" என்றாள்.